கிடை காக்கும் நாய்களைப் பருவந்தோறும் பேணுதல்: தொட்டுப் பழக்குவதா, தொடாமல் விடுவதா?

கிடைநிலா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் செம்மறி மந்தைக்குக் காவலாக இரண்டு நாய்கள் உள்ளன. மூத்தது எட்டு வயதைக் கடந்த, பிரனீஸ் இனப் பெண் நாய். இளையது ஒன்றரை வயதான ஆண் நாய். பிரனீஸ், மரெம்மா ஆகிய இரு காவல் நாய் இனங்களும் கலந்தது. வெயில் காலம் நெருங்குவதால் இரண்டுக்கும் முடியை முழுவதும் மழித்துவிடலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்துள்ளது. காவல் நாயை மனிதக் கை அடிக்கடி தொட்டால் அது மந்தையை விட்டுவிட்டு வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொள்ளும் என்றும் பலர் எச்சரிக்கிறார்கள். ஆனால் தொடாமல் உண்ணி பார்ப்பதும் நகம் வெட்டுவதும் புண் கழுவுவதும் எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. வெயில், மழை, குளிர், ஆடுகள் குட்டி ஈனும் காலம் என்று ஒவ்வொன்றிலும் இந்நாய்களுக்கு எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மேய்ச்சல்வழி எழுதியது:

மழிக்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வருகிறேன்.

பிரனீஸ், மரெம்மா போன்ற இனங்களுக்கு முடி இரண்டு அடுக்காக வளர்கிறது. வெளியே நீளமான, சற்று முரடான மேல்முடியும், அதற்கடியில் பஞ்சு போன்ற உள்முடியும் இருக்கின்றன. மேல்முடி வெயிலையும் கடிக்கும் ஈக்களையும் முள்ளையும் தோலுக்கு எட்டவிடாது. உள்முடி குளிர்காலத்தில் உடற்சூட்டைக் காக்கிறது. வெயில் தொடங்கும்போது தானாகவே கொத்துக் கொத்தாகக் கழல்கிறது. அப்படிக் கழன்ற உள்முடி வெளியேற வழியின்றி மேல்முடிக்குள் சிக்கிக் கம்பளம் போல இறுகி, தோலுக்குக் காற்றே புகாமல் செய்துவிடும்போதுதான் நாய் வெயிலில் தவிக்கிறது. ஆகவே சீவி அந்த உள்முடியை வெளியேற்றினாலே போதும். மழித்தால் வெளிறிய தோல் வெயிலில் எரியும். மீண்டும் வளரும்போது உள்முடி முந்திக்கொண்டு வளர, மேல்முடி பிந்திப் போய், முன்னைவிட எளிதில் சிக்கு விழும் முடியாக அது மாறிவிடுவதும் உண்டு. அடிவயிறு, தொடைகளின் உட்புறம், ஆசனவாயைச் சுற்றிய பகுதி ஆகியவற்றில் மட்டும் முடியைக் குறைத்து வெட்டலாம். குளிர்ந்த மண்ணில் நாய் வயிற்றை ஒட்டிப் படுக்கும்போது அது உதவுகிறது.

நீண்ட பற்கள் கொண்ட சீப்பால், தோல் வரை செல்லும்படி, ஒரு கையால் முடியைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு அடுக்கடுக்காகச் சீவ வேண்டும். மேலாகச் சீவினால் முதுகு பளபளக்குமே தவிர, அடியில் சிக்கு அப்படியே கிடக்கும். காதுகளுக்குப் பின்புறம், முன்னங்கால் அக்குள், தொடையின் பின்புறம், வாலின் அடிப்பகுதி ஆகிய நான்கு இடங்களில் சடை முதலில் பிடிக்கிறது. பிடித்துவிட்ட சடையைத் தண்ணீரில் நனைத்தால் அது இன்னும் இறுகும். உலர்ந்த நிலையிலேயே விரல்களால் பிரித்து, பிரியாததைத் தோலுக்கும் கத்தரிக்கும் இடையே சீப்பை வைத்துக்கொண்டு வெட்ட வேண்டும். கொமொண்டோர் இனம் இதற்கு விலக்கு. அதன் முடி கயிறு கயிறாகத் திரிவது இயல்பு என்பதால், அந்தக் கயிறுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கையால் பிரித்துவிடுவதே அதற்குரிய பராமரிப்பு. கங்கல், அனட்டோலியன் இனங்களின் முடி குட்டையானது. உதிரும் காலத்தில் சீவிவிட்டால் போதும்.

அடுத்தது நிழல். எங்கோ ஓரிடத்தில் நிழல் இருந்தால் போதாது. மந்தை படுக்கும் இடத்துக்கு ஒரு நிழலும் நாய்க்கு வேறோர் இடத்தில் ஒரு நிழலும் என்று அமைத்தால், நாய் தன் உடலுக்கும் தன் வேலைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாகிறது. நல்ல காவல் நாய் மந்தையையே தேர்ந்தெடுத்து வெயிலில் கிடக்கும். அதனால் ஆடுகள் நண்பகலில் எங்கே ஒதுங்குகின்றனவோ அங்கேயே நாய்க்கும் இடம் இருக்குமாறும், தண்ணீர் அந்த இடத்தை விட்டு அகலாமல் கிடைக்குமாறும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டுத் தொட்டியின் விளிம்பு இளம் நாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கலாம், அதையும் கவனியுங்கள். நாய் குழி தோண்டிப் படுத்தால் குழியை மூடாதீர்கள். பகலெல்லாம் தூங்குகிறதே என்று வருந்தவும் வேண்டாம். அதன் வேலை இரவில்தான். தீவனத்தை அதிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ வைப்பது நல்லது.

வெப்பத் தாக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை வெயில் வருமுன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 41ஐ எட்டினால் உயிருக்கு ஆபத்து. நாய் பெரும்பாலும் மூச்சிரைப்பதன் மூலமே தன்னைக் குளிர்வித்துக்கொள்வதால், காற்றில் ஈரம் மிகுந்த புழுக்கமான நாள் வறண்ட வெயில் நாளைவிடக் கொடியது. இடைவிடாத கடும் மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், அடர்சிவப்பான ஈறுகள், தள்ளாடும் நடை, வாந்தி ஆகியவற்றைக் கண்டால் உடனே நிழலுக்குக் கொண்டுசென்று தண்ணீர் ஊற்றுங்கள். இந்த நாய்களின் மேல்முடியில் விழும் தண்ணீர் வழுக்கி ஓடிவிடும். எனவே அடிவயிறு, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தொடங்கி, பிறகு முடியைப் பிரித்துத் தோல் நனையும்படி ஊற்றி, விசிறியோ காற்றோ படச் செய்ய வேண்டும். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டால் அது சூட்டை உள்ளே பிடித்துவைக்கும். முதலில் குளிர்வித்துவிட்டு, அதன் பிறகே மருத்துவரிடம் புறப்பட வேண்டும். எழுந்து நடந்துவிட்டாலும் மருத்துவர் பார்க்கத்தான் வேண்டும். சிறுநீரகக் கோளாறும் இரத்த உறைவுக் கோளாறும் சில மணி நேரங்கள், சில வேளைகளில் ஓரிரு நாள்கள் கழித்துத்தான் தெரியவரும்.

வேலியோரம் எழுதியது:

நண்பர் மேய்ச்சல்வழி சொன்ன மருத்துவச் செய்திகளில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உட்காரவைத்துத் தோல் வரை சீவுங்கள் என்பது வீட்டு நாய்க்குரிய பராமரிப்பு. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் காவல் நாய்களைப் பண்ணைகளுக்குக் கொடுத்து ஆராய்ந்த காலத்திலிருந்து, குட்டியை மந்தையோடு வளர்க்க வேண்டும், மனிதரோடு மிகுதியாகப் பழகவிடக்கூடாது என்பதுதான் பண்ணையாளர்களிடையே பரவிய பாடம். எங்கள் பெரிய மேய்ச்சல் நிலத்தில் நாய்கள் ஆடுகளோடு பிறந்து ஆடுகளோடு வாழ்கின்றன. நாங்கள் தீவனம் வைத்துவிட்டு விலகிவிடுகிறோம். அவை வீட்டுப் பக்கம் வருவதே இல்லை. கொஞ்சினால் வரும், வந்தால் அன்றிரவு மந்தை காவலின்றி நிற்கும். கிடைநிலா அவர்களின் இளைய நாய் ஒன்றரை வயதில், மனம் இன்னும் முதிராத நிலையில் இருப்பதால், இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேய்ச்சல்வழி எழுதியது:

இது அக்கறையோடு சொல்லப்பட்ட எதிர்வாதம் என்பதால் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

குட்டியின் மனம் யாரைத் தன் கூட்டமாக ஏற்கிறது என்பது பெரும்பாலும் 3 முதல் 16 வாரங்களுக்குள் முடிவாகிறது. அந்த வாரங்களில் அது ஆடுகளோடு இருந்தாக வேண்டும் என்பது உறுதியான பாடம். அதில் நாம் இருவரும் ஒன்றுபடுகிறோம். ஆனால் ஆடுகளின் மேல் பற்று வளர்வது ஆடுகள் உடனிருப்பதால்தான். மனிதர் இல்லாமையால் அது கூடுதலாக வளர்வதில்லை. இந்த இனங்கள் உருவான மலைமேய்ச்சல் சமூகங்களில் மேய்ப்பர் மந்தையோடு நடந்தார், மந்தையின் பக்கத்திலேயே உறங்கினார். நாய் அவர் கையை நாள்தோறும் அறிந்தே இருந்தது. வேலி போட்டு ஆடுகளை விட்டுவிட்டு மனிதர் வேறிடத்தில் வாழும் பண்ணை பிற்காலத்து ஏற்பாடு. தொடாமல் வளர்க்கும் முறை அந்த ஏற்பாட்டோடு சேர்ந்து பரவியது.

நாயை எங்கே தொடுகிறோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. வீட்டு வாசலில் தடவிக்கொடுத்தால் வீட்டு வாசல் இனிய இடமாகிவிடும். மந்தைக்கு நடுவே, ஆடுகள் சுற்றி மேய்ந்துகொண்டிருக்கையில் சீவினால், நல்லது எல்லாம் மந்தைக்கு நடுவில்தான் கிடைக்கிறது என்று நாய் கற்றுக்கொள்ளும். பந்து எறிந்து விளையாடாதீர்கள், வீட்டுக்குள் அழைக்காதீர்கள், மந்தையை விட்டு உங்களைத் தேடி வரும்போது தடவிக்கொடுக்காமல் திருப்பிக் கொண்டுபோய் விடுங்கள். ஆனால் காது, வாய், பாதம், வயிறு, வால் ஆகிய எல்லா இடங்களிலும் உங்கள் கை படுவதற்கும், கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டி நிற்பதற்கும், வண்டியில் ஏறுவதற்கும் குட்டிப் பருவத்திலேயே பழக்கிவிடுங்கள்.

நமீபியாவில் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் 1994 முதல் அனட்டோலியன், கங்கல் குட்டிகளை ஆடு வளர்ப்பவர்களிடம் கொடுத்து வருகிறது. குட்டியை ஒப்படைத்ததோடு அவர்கள் நின்றுவிடுவதில்லை. பண்ணைக்குச் சென்று நாயின் உடல்நலத்தையும் தடுப்பூசியையும் கவனிக்கிறார்கள். கையால் தொட முடியாத நாயை அப்படிக் கவனிக்க இயலாது. அந்த நாய்களில் பெரும்பாலானவை மந்தையை விட்டுவிடவில்லை.

பட்டிமருந்து எழுதியது:

கால்நடை மருத்துவத் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில், எல்லாப் பருவத்துக்கும் பொதுவான, ஆனால் பண்ணையாளர்கள் எளிதில் தவறவிடும் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இந்த நாய்களின் அடர்ந்த முடி மெலிவை முற்றிலும் மறைத்துவிடும். சில அடி தொலைவிலிருந்து பார்த்தால் கொழுத்த நாயாகத் தெரியும். விலாவில் விரல்களைத் தட்டையாக வைத்து மெதுவாக அழுத்தினால் எலும்புகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி கூர்மையாகத் தட்டுப்படும். மெல்லிய சதைப் போர்வைக்கு அடியில் விலா எலும்புகள் கைக்குத் தெரிவது சரியான அளவு. கூர்மையாக உறுத்தினால் மெலிவு. தேடினாலும் கிடைக்காவிட்டால் மிகைக்கொழுப்பு. இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. கை மட்டும் போதும். அதனால் தொடாமல் வளர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இவை வலியையும் காட்டிக்கொள்ளாத இனங்கள். நொண்டியபடி வேலியைச் சுற்றி வரும் நாயைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று உரிமையாளர் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அடுத்து நாடாப்புழு. செத்த ஆட்டையோ, அறுத்த ஆட்டின் ஈரல், நுரையீரல் போன்றவற்றையோ பச்சையாக நாய்க்குப் போடவே கூடாது. எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழு நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே வளரும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாது. நாய்க்கு எந்தத் துன்பமும் தராது. ஆனால் அதன் முட்டைகள் மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகளாக வளர்கின்றன. வேறொரு வகை நாடாப்புழுவின் முட்டையைத் தின்ற ஆட்டின் மூளையில் கட்டி உண்டாகி, அது ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து மடிகிறது. நாய், ஆடு, மனிதர் மூவரையும் இணைக்கும் இந்தச் சுழலை அறுக்க, இறந்த ஆட்டை நாய் தோண்டி எடுக்க முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும். அதோடு, நோய் உள்ள பகுதிகளில் பிராசிகுவாண்டல் மருந்தை 6 வாரங்களுக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம். புழு முதிர்ந்து முட்டையிடும் நிலைக்கு வர ஏறத்தாழ அவ்வளவு காலம் பிடிப்பதால் இந்த இடைவெளி. பொதுவான குடற்புழு மருந்துகள் பலவற்றில் இது சேர்ந்திருப்பதில்லை. உறையைப் படித்துப் பாருங்கள்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாங்கிய மருந்தையும் தீவனத்தையும் நாயிடமிருந்து விலக்கி வையுங்கள். மாட்டுத் தீவனங்கள் சிலவற்றில் சேர்க்கப்படும் மொனென்சின் என்னும் மருந்து நாயின் தசைகளைத் தாக்கிப் பின்னங்கால்களை வலுவிழக்கச் செய்யும். அதற்கு மாற்று மருந்து இல்லை. மாட்டின் எடைக்காகச் செறிவூட்டிய ஐவர்மெக்டின் ஊசிமருந்தைக் கண்ணளவில் எடுத்து நாய்க்குக் கொடுப்பதும் ஆபத்தே. ஆடுகளை மருந்துநீரில் முக்கும் நாளிலும், முதுகில் மருந்து ஊற்றும் நாளிலும் நாய்களைத் தனியே கட்டிவையுங்கள். அவை ஆடுகளை நக்கும். வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ தடுப்பூசிகளைப் பற்றி நான் தனியே சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன்; காட்டு விலங்குகளோடு நேருக்கு நேர் மோதும் நாய்க்கு அவை கட்டாயம்.

ஓடைக்கரை எழுதியது:

மழைக்காலத்தைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. எங்கள் நிலம் தாழ்வானது. ஆண்டின் பெரும்பகுதி ஈரமாகவே இருக்கும். வெயிலைவிட மழையில்தான் இந்நாய்கள் அதிகம் துன்பப்படுகின்றன என்பது என் முடிவு.

மேல்முடி கைக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்முடி ஈரமாகவே இருக்கும். அந்த ஈரமும் உடற்சூடும் சேர்ந்த இடத்தில் தோல் வெந்து, நாய் அதையே நக்கி நக்கி ஒரே நாளில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த, கசியும் புண்ணாக்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தைச் சுற்றி முடியை வெட்டிக் காற்றுப் படச் செய்வதுதான் முதல் வேலை. களிம்பு அதற்குப் பிறகு. முடியின் மேல் களிம்பு பூசினால் ஈரத்தை மூடி வைத்ததாகிவிடும்.

அதைவிடக் கொடியது புழுப்புண். ஈ முட்டையிட்டு ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாய் மந்தையிலிருந்து சற்று விலகிப் படுக்கும். ஓரிடத்தைத் திரும்பித் திரும்பி மோப்பம் பிடிக்கும். கிட்டப் போனால் இனிப்பும் அழுகலும் கலந்த ஒரு நாற்றம் அடிக்கும். அந்த இடத்து முடி கோந்து தடவியது போல ஒட்டிக் கிடக்கும். அதைப் பிரித்தால், ஈரமான தோலில் ஊசி குத்திய அளவில் சிறு துளைகளும், அவற்றின் விளிம்பில் வெளிச்சம் பட்டவுடன் உள்ளிழுத்துக்கொள்ளும் வெண்மையான முனைகளும் தெரியும். வால் அடியிலும் தொடையின் பின்புறத்திலும், கழிச்சல் காய்ந்து ஒட்டியிருக்கும் இடத்தில் இது தொடங்குகிறது. முடியை வெட்டி, புழுக்களை எடுத்துக் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆழமாகப் போய்விட்ட புழுவை வீட்டில் எடுக்க முயல்வது நாய்க்கு வதை. மழை நாள்களில் நாள்தோறும் வால் அடியைத் தூக்கிப் பார்ப்பதை எங்கள் வீட்டில் யாரும் தவறவிடுவதில்லை.

பாத விரல்களுக்கு இடையே சேறு உலர்ந்து கட்டியாகி, சிவந்து வீங்கும். கழுவித் துடைத்து உலர்ந்த தரையில் சிறிது நேரம் நிற்க வையுங்கள். நாய்க்கு ஒதுங்கும் இடத்தின் தரையை நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டுங்கள். தேங்கிய நீரும் எலிகளும் இருக்கும் நிலத்தில் எலிக்காய்ச்சல் என்னும் லெப்டோஸ்பைரோசிஸுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும். கொசு பரப்பும் இதயப்புழுவின் குஞ்சுப்புழு முதிர ஏறத்தாழ 6 மாதங்கள் ஆகும். அந்தத் தடுப்பு மருந்தைத் தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

உண்ணியைப் பற்றி ஒரு வரி: தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள்; எண்ணெய் ஊற்றுவதும் நெருப்பால் சுடுவதும் உண்ணியைத் தன் வயிற்றில் உள்ளதை நாயின் இரத்தத்தில் கக்கச் செய்யக்கூடும். காது மடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், இவற்றில் தேடுங்கள். மழை ஓய்ந்து புல் முற்றும்போது ஊசிப்புல்லின் விதைகளும் இதே இடங்களில்தான் ஏறுகின்றன. முன்னோக்கி மட்டுமே நகரும் அமைப்பு அவற்றுக்கு இருப்பதால், காதுக்குள் போனது தானாக வெளியே வராது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறும் நாயை அன்றே காட்டுங்கள்.

கிடைநிலா எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மழிக்கும் பேச்சை விட்டுவிட்டோம். இன்னொரு கவலை: ஆடுகள் குட்டி ஈனும் காலத்தை இளைய நாய் முதல் முறையாகப் பார்க்கப் போகிறது. பெரிய ஆடுகளோடு அது அமைதியாக இருந்தாலும், சென்ற வாரம் ஓர் ஆட்டின் பின்னால் துள்ளி ஓடியதைக் கண்டேன். அதை மந்தையோடு விடலாமா?

மேய்ச்சல்வழி எழுதியது:

தனியே விடாதீர்கள். ஏறத்தாழ 2 வயது வரை இந்நாய்களுக்கு உடல் மட்டும்தான் வளர்ந்திருக்கும். துரத்தி விளையாடும் ஆசை உள்ளே இருக்கும். பிறந்த குட்டியை நக்குவது அன்பாகத் தொடங்கி, காதைக் கடித்து இழுப்பதாகவோ, தாயிடமிருந்து குட்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் காவல் காப்பதாகவோ முடியலாம். ஈனும் ஆடுகளைப் பார்க்கவும் முகரவும் முடிகிற, ஆனால் நெருங்க முடியாத அடுத்த அடைப்பில் அதை வையுங்கள். நீங்கள் உடனிருக்கும் நேரத்தில் கயிற்றோடு உள்ளே அழைத்துச் சென்று, அமைதியாகப் படுத்தால் பாராட்டுங்கள். மூத்த நாய் ஈனும் ஆட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் படுக்கிறது, தாய் ஆடு தலையைத் தாழ்த்தினால் எப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகுகிறது என்பதை இளையது பார்ப்பதே பெரிய பயிற்சி. புதுத் தாய் ஆடுகள் நாயைக் கடுமையாக முட்டும். சுவரோரத்தில் சிக்கி முட்டுப்பட்ட இளம் நாய் ஆடுகளையே அஞ்சத் தொடங்கிவிடும், எனவே அது விலகிப் போக இடம் இருக்கட்டும்.

துரத்தியதைக் கண்டால் அந்த நொடியில் உரத்த குரலில் நிறுத்துங்கள். பிறகு கண்டிப்பதால் பயனில்லை.

நாய்க்குத் தீவனம் வைக்கும் இடத்தைப் பிரித்துவிடுங்கள். ஆடுகள் நாய்த் தீவனத்தைத் தின்ன வரும். மிகுதியாகத் தின்றால் அவற்றின் வயிறு புளித்துக் கெடும். அதோடு, தன் உணவுக்கு அருகே வந்த குட்டி ஆட்டை நாய் கடிக்கவும் கூடும். நாய் தாண்ட முடிகிற, ஆடு தாண்டாத படிக்கட்டோ தடுப்போ போதும். இரத்த வாடைக்கு வேட்டை விலங்குகள் வரும் காலம் என்பதால் நாய்கள் இரவெல்லாம் விழித்துச் சுற்றும்; தீவனத்தைச் சற்றுக் கூட்டுங்கள்.

பட்டிமருந்து எழுதியது:

நச்சுக்கொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நலமாக ஈன்ற ஆட்டின் நச்சுக்கொடியை நாய் தின்றால் பெரும்பாலும் கேடு வருவதில்லை. அடுத்தடுத்துப் பலவற்றைத் தின்றால் வாந்தியும் கழிச்சலும் வரும். ஆனால் ஆடு கரு கலைத்திருந்தால் அந்தக் கருவையும் கொடியையும் நாய் தொடவே விடாதீர்கள். புரூசெல்லா, கியூ காய்ச்சல் போன்ற கிருமிகள் அதில் இருக்கலாம். நீங்களும் கையுறை அணிந்தே எடுங்கள். மாடும் வைத்திருப்பவர்கள் நியோஸ்போரா என்னும் ஒட்டுண்ணியையும் எண்ண வேண்டும்: நாயின் மலம் கலந்த தீவனத்தின் வழியாக அது மாட்டுக்குப் போய்க் கருச்சிதைவை உண்டாக்குகிறது.

பனிமுகடு எழுதியது:

குளிர் காலத்தை நான் எழுதுகிறேன். எங்கள் பகுதியில் அது நீண்டது.

கூண்டு கட்டிக் கொடுத்தும் நாய் உறைபனியில் வெளியே கிடக்கிறதே என்று புதியவர்கள் கலங்குகிறார்கள். விழுந்த பனி முதுகில் உருகாமல் வெண்மையாக அப்படியே நின்றால், உடற்சூடு வெளியே கசியவில்லை என்று பொருள். அந்த நாய் நலமாக இருக்கிறது. வறண்ட குளிரை இந்த முடி தாங்கும். உறைநிலைக்குச் சற்று மேலே, மழையும் காற்றும் சேர்ந்த நாள்தான் தாங்க முடியாதது, ஏனெனில் நனைந்த உள்முடிக்குச் சூடு காக்கும் ஆற்றல் இல்லை. அதனால் காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டிய, நாய் சுருண்டு படுக்கும் அளவே உள்ள சிறிய ஒதுக்கிடம் வேண்டும். தரையில் வைக்கோலைத் தடிமனாகப் போடுங்கள். துணியும் போர்வையும் ஈரத்தை உறிஞ்சி உறைந்துவிடும்.

குளிரில் உடல் சூட்டுக்கே உணவு செலவாகிறது. எவ்வளவு கூட்டுவது என்பதற்குப் பட்டிமருந்து அவர்கள் சொன்ன விலா எலும்புச் சோதனையை வாரந்தோறும் செய்து முடிவெடுங்கள். பனியை நக்கிக்கொள்ளும் என்று எண்ணித் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். தொட்டி உறைந்திருக்கிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள். பாத மெத்தைகளுக்கு இடையே வளர்ந்த முடியில் பனி உருண்டு கல்லாகி விரல்களை அகட்டும். அந்த முடியை மெத்தையின் மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். பிரனீஸ் நாயின் பின்னங்கால்களில் இரட்டை உபரி விரல்கள் இருக்கும். அவை தரையில் படாததால் நகம் தேயாமல் வளைந்து வளர்ந்து சதைக்குள்ளேயே திரும்பிப் பாயும். நீண்ட முடி அதை மறைத்துவிடும். வண்டிகளில் ஊற்றும் உறைதடுப்பு நீர் இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும். சிறிதளவே சிறுநீரகத்தை அழித்துவிடும்.

வேலியோரம் எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன். மந்தைக்குள் தொடுவது, வாசலில் தொடுவது என்ற வேறுபாட்டை ஏற்கிறேன். உபரி விரல் நகத்தையும் புழுப்புண்ணையும் தொலைவிலிருந்து பார்க்க முடியாது என்பதும் உண்மை. பெரிய நிலத்தில் பல நாய்கள் உள்ள எங்களுக்கு நாள்தோறும் சோதிப்பது இயலாது என்ற கருத்தில் மாற்றமில்லை. ஆனால் வளர்ந்துவிட்ட, கைபடாத நாயை இனிப் பழக்க முடியுமா? எங்களிடம் 4 வயதான, அலபாய் இனக் காவல் நாய் ஒன்று தீவனம் வைப்பவரையே சில அடிக்கு மேல் நெருங்க விடுவதில்லை.

மேய்ச்சல்வழி எழுதியது:

முடியும்; ஆனால் மாதங்கள் ஆகும், அவசரப்படுத்தினால் கடிபடுவீர்கள். ஒரே ஆள், ஒரே நேரம், மந்தைக்குள் ஒரே இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீவனத்தை வைத்துவிட்டு விலகாமல், பக்கவாட்டில் திரும்பி, கண்ணை நேராகப் பார்க்காமல் உட்கார்ந்திருங்கள். நாய் அருகே வந்து இயல்பாகத் தின்னும் வரை கையை நீட்டாதீர்கள். தின்று முடித்த பிறகு, உணவுப் பாத்திரத்திலிருந்து விலகிய இடத்தில், கையிலிருந்து ஒரு துண்டு இறைச்சியைக் கொடுத்துத் தோளை மட்டும் தொடுங்கள்; தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகக்கூடாது. தோளிலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து விலாவுக்கும், கடைசியாகப் பாதத்துக்கும் வாலுக்கும் போகலாம். உடல் விறைத்தாலோ உதட்டை நக்கினாலோ முந்தைய நிலைக்குத் திரும்புங்கள். கூடை வடிவ வாய்ப்பூட்டுக்குள் உணவு வைத்து, நாயைத் தானே மூக்கை நுழைக்கப் பழக்குவதும் நல்லது. அதற்குள் நோய் வந்துவிட்டால் கண்ணி போட்டுப் பிடிக்க வேண்டாம். பழகிய நம்பிக்கை முழுவதும் போய்விடும். மயக்க மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுக்க மருத்துவரிடம் அளவு கேளுங்கள்.

நாள்தோறும் எல்லா நாய்களையும் சோதிக்க முடியாத பெரிய நிலத்துக்கு ஒரு வழி உண்டு: தீவனத்தை எப்போதும் நிரம்பியிருக்கும் பெட்டியில் வைக்காமல், ஒரு நேரத்தில் கையால் வையுங்கள். எந்த நாய் வரவில்லை, எது தயங்கி வந்தது, எது ஒரு காலைத் தாங்கியது என்பது அப்போதே தெரியும்.

கிடைநிலா எழுதியது:

கடைசியாக ஒன்று. மூத்த நாய் குளிர்ந்த காலைகளில் எழுந்திருக்கத் தடுமாறுகிறது. சற்று நடந்த பிறகு சரியாகிவிடுகிறது. வயதின் இயல்பு என்று விட்டுவிடலாமா? வீட்டில் உள்ள வலி மாத்திரையைக் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள்.

பட்டிமருந்து எழுதியது:

மனிதருக்கான வலி மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம். பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் நாய்க்கு நஞ்சாகும். நீங்கள் சொல்லும் அறிகுறி மூட்டுத் தேய்மானத்தைக் காட்டுகிறது. நாய்களுக்கென்றே உள்ள வலிநீக்கிகளை மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு தருவார். குளிர் தொடங்குவதற்கு முன்பே தொடங்கினால் நல்லது. எடை கூடாமல் பாருங்கள்; கூடிய ஒவ்வொரு கிலோவையும் அந்த மூட்டுகள்தான் சுமக்கின்றன. படுக்கையில் வைக்கோலை இரட்டிப்பாக்குங்கள். இரவுச் சுற்றைக் குறைக்க, அதைச் சிறிய அடைப்பில் ஈனும் ஆடுகளோடு வையுங்கள். இளையது 2 வயதைக் கடந்து வெளி வேலியை முழுவதும் ஏற்கும் வரை மூத்ததை மந்தையிலிருந்து பிரிக்க வேண்டாம். பின்னங்கால்களின் உபரி விரல் நகங்களை இன்றே முடியை விலக்கிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். நொண்டுவதற்குச் சில வேளைகளில் அதுவே காரணமாக இருக்கும்.

கிடைநிலா எழுதியது:

பார்த்தோம். இடது பின்னங்காலில் ஒரு நகம் வளைந்து தோலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் உள்ளே பாயவில்லை. அது ஆடுகளுக்கு நடுவே படுத்தபடியே காலை நீட்டிக்கொடுக்க, நுனியை மட்டும் வெட்டிவிட்டோம். மறு காலில் குறையில்லை. மூட்டுக்காக மருத்துவரை இந்த வாரமே பட்டிக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.